முதலில் வண்டி, அப்புறம் துணி: சஃபாரிக்கு எதை உடுத்துவது?

சித்தி மகன் போன நவம்பரில் வாட்ஸப்பில் ஒரு படம் அனுப்பினான். ஜனவரியில் குடும்பத்தோடு மத்தியப் பிரதேசத்துக் கான்ஹா புலிகள் காப்பகத்துக்குப் போகிறான். அதற்காக ஆன்லைனில் வாங்கச் சேர்த்து வைத்திருந்த துணிகளின் பட்டியல் அது. காக்கிச் சட்டை இரண்டு, முழங்காலில் ஜிப்பைத் திறந்தால் அரைக்கால் சட்டையாகிவிடும் பேண்ட் இரண்டு, ராணுவ டிசைன் போட்ட ஜாக்கெட் ஒன்று, அகல விளிம்புத் தொப்பி, கணுக்காலை மூடும் ட்ரெக்கிங் ஷூ. எல்லாம் சேர்த்து 18,000 ரூபாய்க்கு மேல். கீழே ஒரே ஒரு கேள்வி: "இது போதுமாண்ணா?"

போதாது. அதே சமயம் அதில் முக்கால்வாசி தேவையும் இல்லை. ஜனவரிக் கான்ஹாவின் விடியற்காலைக் குளிரைத் தாங்க அந்தப் பட்டியலில் உருப்படியாக ஒன்றும் இல்லை. நாலு மணி நேரம், குறித்த ஓரிடம் தவிர வேறெங்கும் வண்டியை விட்டு இறங்கவே முடியாத இடத்துக்கு மலையேறும் ஷூ மட்டும் இருந்தது.

அவனைக் குறை சொல்லவும் முடியாது. நமக்கு ரொம்ப நாளாகவே சஃபாரி என்றால் துணிதான். சுவாஹிலி மொழியில் பயணம் என்று பொருள்படும் சொல் அது, அரபியின் 'சஃபர்' வழியாக வந்தது. நம் ஊரிலோ அமைச்சருக்குப் பின்னால் நிற்கிற பாதுகாவலர் போட்டிருக்கும் அரைக்கை, நாலு பாக்கெட் உடுப்பாகிவிட்டது. எங்கள் அப்பாவிடம்கூட ஒன்று இருந்தது, பழுப்பு நிறத்தில். அதைப் போட்டுக்கொண்டு அவர் எந்தக் காட்டுக்கும் போனதில்லை. கல்யாண வீடுகளுக்குத்தான் போனார்.

நான் இருபது தடவையாவது காட்டுக்குப் போயிருப்பேன். பெரும்பாலும் முதுமலை, பந்திப்பூர், நாகர்ஹொளே. கான்ஹா இரண்டு முறை, மகாராஷ்டிரத்துத் தடோபா ஒரு முறை. துணி விஷயத்தில் செய்யக்கூடிய தவறுகளில் அனேகமாக எல்லாவற்றையும் செய்து பார்த்துவிட்டேன். அதனால் யார் வந்து என்ன போடுவது என்று கேட்டாலும் நான் முதலில் திருப்பிக் கேட்பது, எந்த வண்டி?

முதுமலையில் தெப்பக்காட்டிலிருந்து வனத்துறை ஓட்டுகிற வேனிலோ, பந்திப்பூரில் மினி பஸ்ஸிலோ போகிறீர்கள் என்றால் தலைக்கு மேல் கூரை இருக்கிறது, பக்கத்தில் ஜன்னல் இருக்கிறது, உள்ளே இருபது பேர் மூச்சு விடுகிற சூடு இருக்கிறது. பஸ் ஏறி ஊட்டிக்குப் போக என்ன போடுவீர்களோ அது போதும். கான்ஹா, தடோபா, ரணதம்போர் போன்ற இடங்களில் ஜிப்சி என்கிற திறந்த ஜீப். கூரையும் கிடையாது, கண்ணாடியும் கிடையாது. காற்று, புழுதி, வெயில் மூன்றும் நேராக உடம்பில்தான். மூன்றாவது வகை, பரம்பிக்குளம், டாப்ஸ்லிப் பக்கம் வனத்துறை வழிகாட்டியோடு நடந்து போவது. அங்கே பிரச்சினை முழங்காலுக்குக் கீழே.

இந்த மூன்றுக்கும் ஒரே பெட்டி கட்ட முடியாது. கடைகளில் 'சஃபாரி உடை' என்று மாட்டியிருப்பது மூன்றுக்கும் பொருந்துவது போலத் தெரியும், ஒன்றுக்கும் முழுசாகப் பொருந்தாது.

நிறமும் புலியின் கண்ணும்

ஆட்கள் அதிகம் கவலைப்படுவது நிறத்தைப் பற்றித்தான். என் கணக்கில் அதற்கு மூன்றாவது இடம். குளிருக்கும் வெயிலுக்கும் பிறகு.

நம் கண்ணில் நிறம் பிரிக்கும் செல்கள் மூன்று வகை. மானுக்கு இரண்டு வகைதான், யானைக்கும் அப்படியே. சிவப்பும் பச்சையும் அவற்றுக்குத் தனித்தனியாகத் தெரியாது. அத்தனை பளிச்சென்ற ஆரஞ்சில் இருக்கிற புலி, புல்லுக்குள் படுத்து மானை ஏமாற்ற முடிவது இதனால்தான். மானின் கண்ணுக்குப் புலியும் பச்சையோடு பச்சை. ஆக, சிவப்புச் சட்டை போட்டால் மிருகம் மிரண்டுவிடும் என்பதில் பெரிய சாரம் இல்லை. இருந்தாலும் போடாதீர்கள். கைடு முறைப்பார், எதிர்வண்டிக்காரர் எடுக்கிற படத்தில் புலிக்குப் பின்னால் நீங்கள் சிக்னல் விளக்கு மாதிரி நிற்பீர்கள்.

மானுக்கு நன்றாகத் தெரிவது நீலமும் வெளுப்பும். நமக்குத் தெரியாத புற ஊதா ஒளிகூட அதற்கு ஓரளவு தெரியும். சலவைத்தூளில் வெண்மை கூட்டுவதற்காக ஒரு ஒளிர்பொருள் சேர்க்கிறார்கள் இல்லையா, அது புற ஊதா ஒளியை வாங்கி நீல ஒளியாகத் திருப்பித் தருகிறது. நம் கண்ணுக்கு அது பளீர் வெள்ளை. அதனால் நம் ஊர் ஆண்களுக்கு ஆகிவந்த உடுப்பான, மடிப்புக் கலையாத தும்பைப்பூ வெள்ளைச் சட்டைதான் காட்டுக்கு எல்லாவற்றையும் விட மோசம். அதற்கு முன்னால் சிவப்பு எவ்வளவோ தேவலை.

வண்டிக்குள் உட்கார்ந்திருக்கிற வரை இதைக்கூட ரொம்பப் பெரிசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். டீசல் புகையோடு டர்ரென்று ஒரு வண்டி வந்து நிற்கிறது. அதற்கு ஓடாத மான் உங்கள் சட்டைக்கு ஓடாது. எழுந்து நிற்பதற்கும், கையை வெளியே நீட்டுவதற்கும், குழந்தை "அதோ! அதோ!" என்று கத்துவதற்கும் ஓடும். நிறம் உண்மையிலேயே கணக்கில் வருவது நடந்து போகும்போதும், பறவை பார்க்கப் போகும்போதும். பறவைகளுக்கு நிறச் செல்கள் நாலு வகை, நம்மை விட ஒன்று கூடுதல்.

நீலமும் கறுப்பும் கூடவே கூடாது என்று இணையத்தில் பார்க்கிற இடமெல்லாம் எழுதியிருக்கிறது. அது ஆப்பிரிக்காவிலிருந்து வந்த அறிவுரை. தான்சானியா, ஜாம்பியா பக்கத்துக் காடுகளில் ட்செட்சி ஈ என்று ஒன்று உண்டு, தூக்க நோயைப் பரப்புவது. அதன் கடி ஊசி குத்துவது போல இருக்கும் என்பார்கள். நீலமும் கறுப்பும் அதை இழுக்கும். எவ்வளவுக்கு என்றால், அந்த ஈயைப் பிடிக்க வைக்கிற பொறிகளையே நீல, கறுப்புத் துணியில்தான் தைக்கிறார்கள். இந்தியாவில் அந்த ஈ கிடையாது. தான்சானியாவின் செரெங்கெட்டிக்குப் போகிறவர் நீல ஜீன்ஸை வீட்டில் விட்டுவிட்டுப் போவது சரி. மசினகுடி போகிறவருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஜீன்ஸ் வேண்டாம் என்று நான் சொல்வதற்கு வேறு காரணம் இருக்கிறது, பின்னால் வருகிறேன்.

ராணுவ டிசைன் மட்டும் வேண்டவே வேண்டாம். ஜாம்பியா, ஜிம்பாப்வே போன்ற நாடுகளில் பொதுமக்கள் அதைப் போடுவதே குற்றம். இங்கேயும், 2022 ஜனவரியில் நம் ராணுவம் அறிமுகப்படுத்திய புது உடுப்பின் டிசைனை ராணுவமே தன் பேரில் பதிவு செய்து வைத்திருக்கிறது, வெளிக்கடைகளில் விற்கக் கூடாது. சட்டத்தை விடுங்கள். வேட்டைத் தடுப்புக் காவலர்கள் ரோந்து போகிற காட்டில், அவர்களைப் போலவே உடுத்திக்கொண்டு நிற்பதால் ஒருவருக்கும் நன்மை இல்லை. சித்தி மகன் பட்டியலில் நான் முதலில் அடித்தது அந்த ஜாக்கெட்டைத்தான்.

காக்கி? தாராளமாகப் போடலாம். பாரசீகத்திலும் உருதிலும் 'காக்' என்றால் மண், புழுதி. 1840களில் பெஷாவர் பக்கம் ஆங்கிலேயரின் படைப்பிரிவு ஒன்று உடுப்பை மண் நிறத்துக்கு மாற்றிக்கொண்டதில் தொடங்கியது அதன் கதை. ஜிப்சியின் பின் சீட்டில் மூணு மணி நேரம் உட்கார்ந்து இறங்கினால் எல்லாச் சட்டையும் காக்கிதான், அதனால் முதலிலேயே காக்கியாக இருந்துவிட்டால் மனசுக்கு ஆறுதல். ஆனால் அதற்கென்று காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. பீரோவில் இருக்கிற சாயம் மங்கிய சாம்பல், பழுப்பு, பாசிப்பச்சைச் சட்டை எதுவும் காக்கிக்கு ஒரு மாற்றுக் குறைந்ததல்ல.

பருத்தியா, பாலியெஸ்டரா

இதுதான் முதல் இடத்தில் இருக்க வேண்டிய கேள்வி. எங்களுக்குத் திருப்பூர் பக்கம் என்பதால் துணியைப் பற்றி ஆரம்பித்தால் நிறுத்த மாட்டோம், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சும்மா மடித்து வைத்திருக்கிற பருத்தித் துணியே காற்றிலிருந்து தன் எடையில் 8 சதவீதம் அளவுக்கு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். பாலியெஸ்டர் அரை சதவீதத்தைக்கூடத் தொடாது. எல்லா நல்லதும் கெட்டதும் இந்த ஒரு வித்தியாசத்தில் இருந்துதான் கிளம்புகிறது. பருத்தி வியர்வையைக் குடித்து உள்ளேயே வைத்துக்கொள்ளும், மெதுவாகத்தான் விடும். பாலியெஸ்டர் குடிக்காது. ஈரம் நூலின் மேலேயே பரவிச் சீக்கிரம் காய்ந்துவிடும்.

முதல் தடவை கான்ஹா போனபோது எனக்கு இது தெரியாது, தெரிந்திருந்தும் பொருட்படுத்தவில்லை என்பதுதான் சரி. ஜனவரி. புல்வெளியில் உறைபனி விழுகிற மாதம். பருத்தி பனியன், அதன் மேல் பருத்தி டி-ஷர்ட், அதன் மேல் தலைமூடி வைத்த தடித்த ஸ்வெட் ஷர்ட், அதுவும் பருத்திதான். விடுதியிலிருந்து முக்கி கேட் வரை போய், அனுமதிச் சீட்டுக்கும் அடையாள அட்டைக்கும் அங்கே இங்கே ஓடியதில் முதுகு லேசாக வியர்த்தது. குளிர்காலத்தில் வியர்க்கிறதே என்று சந்தோஷமாகக்கூட இருந்தது. வண்டி கிளம்பிப் பத்து நிமிடம் ஆகவில்லை, அந்த ஈரப் பனியன் முதுகில் ஐஸ் துணி மாதிரி ஒட்டிக்கொண்டது. அப்புறம் வெயில் ஏறுகிற வரை அது காயவே இல்லை. அன்றைக்கு பாரசிங்கா மான் கூட்டம் ஒன்று பனிக்குள்ளிருந்து எழுந்து வந்தது. என் கை நடுங்கியதில் ஒரு படமும் தேறவில்லை.

காற்றின் வேலையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வெப்பமானி 5 டிகிரி காட்டும்போது திறந்த வண்டி 20 கி.மீ. வேகத்தில் போனால், தோலுக்கு அது 1 டிகிரி மாதிரி உறைக்கும். வேனுக்குள் உட்கார்ந்திருப்பவருக்கு இந்தக் கழித்தல் கணக்கு கிடையாது. வண்டி எது என்று நான் முதலில் கேட்பது இதற்காகத்தான்.

இதையே மே மாதத் தடோபாவில் திருப்பிப் போடுங்கள். சந்திரபூர் மாவட்டத்தில் அந்த மாதம் 45 டிகிரி ஒன்றும் அதிசயமில்லை. முன் அனுபவத்தில் புத்தி வந்தவனாக, ஓட்டப் பந்தயக்காரர் போடுகிற பாலியெஸ்டர் டி-ஷர்ட்டுகளாக அடுக்கிக்கொண்டு போனேன். அங்கே பருத்திதான் ஜெயித்தது. மெல்லிய முழுக்கைப் பருத்திச் சட்டையின் காலரையும் தோளையும் தண்ணீரில் நனைத்துக்கொண்டால், குடித்த ஈரத்தை அது மெதுவாக விட, அரை மணி நேரம் உடம்பு குளுகுளுவென்று இருக்கும். குளிரில் என்னைக் கொன்ற குணமே வெயிலில் காப்பாற்றியது. பாலியெஸ்டருக்கு இன்னொரு குறையும் உண்டு. உடம்பின் எண்ணெய்ப் பிசுக்கைப் பிடித்து வைத்துக்கொள்வதால் இரண்டாம் நாள் நாறும். ஒரு ஜிப்சியில் ஆறு பேர் உட்கார வேண்டும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆகவே என் தீர்ப்பு: வெயிலுக்குப் பருத்தி. குளிருக்கு, உடம்பை ஒட்டிப் போடுகிற முதல் துணி மட்டுமாவது பாலியெஸ்டரோ, தெர்மல் என்கிற குளிர்கால உள்ளாடையோ. மழை மாதங்களுக்குப் பாலியெஸ்டர் தவிர வேறு எதுவும் வேண்டாம். டிசம்பர் முதுமலை, பந்திப்பூர் மாதிரி நடுவாந்தர இடத்துக்கு எது கைக்கு வருகிறதோ அது.

எங்கே வாங்குவது என்றால், திருப்பூர் காதர்பேட்டை உங்களுக்கு எட்டுகிற தூரமென்றால் வேறு எங்கும் போக வேண்டாம். ஏற்றுமதியில் மிஞ்சியது, லேசாகத் தையல் பிசகியது எல்லாம் குவியலாகக் கிடக்கும். லேபிளை வெட்டியிருப்பார்கள், என்ன துணி என்று எழுத்தில் இருக்காது. அதற்கு ஒரு கைவைத்தியம் இருக்கிறது. துணியை ஒற்றையாகப் பிடித்து வாயோடு அழுத்தி வைத்து ஊதிப் பாருங்கள். மூச்சு தாராளமாகப் போனால் வெயிலுக்கு எடுத்துக்கொள்ளலாம். திணறிக்கொண்டு போனால் நடுவில் போடுகிற துணி. கன்னம் உப்பி மூச்சு திரும்பி வந்தால் காற்றைத் தடுக்கும், எல்லாவற்றுக்கும் மேலே போட அதுதான். கடைக்காரர் ஒரு மாதிரியாகப் பார்ப்பார், பரவாயில்லை.

ஒரு தடித்த ஜாக்கெட்டா, மூன்று மெல்லிசா

குளிர்காலக் காட்டில் காலை ஆறரைக்கு 4 டிகிரி இருக்கும், பத்தரைக்கு 20ஐத் தாண்டிவிடும். ஒரே தடித்த ஜாக்கெட் என்றால் இரண்டே நிலைதான்: போட்டால் வேகும், கழற்றினால் வெடவெடக்கும். மூன்று மெல்லிய துணி என்றால் ஒன்றொன்றாக உரித்துக்கொண்டே வரலாம், வெங்காயம் மாதிரி. உள்ளே தெர்மல் அல்லது பாலியெஸ்டர் டி-ஷர்ட், நடுவில் ஸ்வெட்டரோ ஃப்ளீஸோ, மேலே காற்றைத் தடுக்கிற வின்ட்சீட்டர். மூன்றில் ஒன்றைத்தான் வாங்க முடியும் என்றால் வின்ட்சீட்டரை வாங்குங்கள். மற்ற இரண்டும் எப்படியும் வீட்டில் கிடைத்துவிடும். ஊட்டி நடைபாதையில் வாங்கிய ஸ்வெட்டரே நடுவில் போடப் போதும்.

வின்ட்சீட்டரில் பார்க்க வேண்டியது சத்தம். இதை எந்தக் கடையிலும் சொல்ல மாட்டார்கள். நாகர்ஹொளேயில் ஒருநாள் மரக்கிளையில் சிறுத்தை, நாற்பது அடி தூரத்தில், கால்கள் இரண்டு பக்கமும் தொங்கத் தூக்கம். வண்டியை நிறுத்தி, இன்ஜினை அணைத்து, எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தோம். நான் கேமராவைத் தூக்கினேன். கை உயர உயர ஜாக்கெட் சரசரவென்றது. பாக்கெட்டிலிருந்த லென்ஸ் மூடியை எடுக்கப் போய் வெல்க்ரோவைப் பிரித்தேன், பர்ர்ர் என்று. சிறுத்தை தலையைத் திருப்பியது. அதற்கு முன்பே முன்சீட்டுக்காரர் திருப்பிவிட்டார். அந்தப் பார்வைக்குச் சிறுத்தையே தேவலை. கடையிலேயே கைப் பகுதியை இடுப்பில் தேய்த்துப் பாருங்கள். சரசரத்தால் வேண்டாம். ஜிப் வைத்ததாக எடுங்கள், வெல்க்ரோ வைத்ததை வைத்துவிட்டு வாருங்கள்.

உட்கார்ந்தே இருக்கிற பயணத்தில் குளிர் தாக்குவது நெஞ்சை இல்லை. காது, முழங்கால், கை. ஐயாயிரம் ரூபாய் ஜாக்கெட் போட்டவனின் முழங்கால் அடித்துக்கொண்டிருக்கும். பக்கத்தில் ஒரு பாட்டி கம்பளியை மடியில் விரித்துக்கொண்டு, மங்கி குல்லாவும் போட்டுக்கொண்டு சுகமாக உட்கார்ந்திருப்பார். மங்கி குல்லாவைக் கிண்டல் செய்கிறவர்கள் எல்லாம் காலை ஏழு மணிக்குத் திறந்த ஜிப்சியில் வந்து பேசட்டும். சில விடுதிகளில் அவர்களே போர்வை கொடுத்து அனுப்புவார்கள், முன்பதிவு செய்யும்போதே கேட்டுவையுங்கள்.

அடுக்கடுக்காகப் போடுவதில் ஒரு தொல்லை கழிப்பறை. இறங்க அனுமதிக்கிற இடத்தில் பத்து நிமிடம்தான் நிற்பார்கள். குழந்தைக்கு உடம்பும் காலும் ஒன்றாகத் தைத்த குளிர் உடுப்பைப் போட்டுக் கூட்டிப்போய், அதைக் கழற்றி மாட்டுவதற்குள் வண்டியே காத்திருந்தது, ஒரு தடவை. மேல் வேறு, கீழ் வேறு என்று இருக்கட்டும்.

இடுப்புக்குக் கீழே

ஜீன்ஸ் வேண்டாம் என்றேன். நிறத்துக்காக இல்லை. தடித்த பருத்தி, அதனால் நனைந்தால் அன்றைக்குக் காயாது. குளிரில் சில்லிட்டு ஒட்டும், ஜிப்சியின் குறுகலான சீட்டில் மூணு மணி நேரம் மடக்கி உட்கார்ந்தால் முழங்காலுக்குப் பின்னால் அறுக்கும். வேனில் போகிறவர் போட்டுக்கொள்ளலாம், அவருக்கு ஒன்றும் ஆகாது. ட்ராக் பேண்ட் வண்டிக்கு அருமை, நடந்தால் முள்ளில் மாட்டி நூல் நூலாக வரும். ஜிப் வைத்துக் கழற்றுகிற பேண்ட்டை நிறையப் பேர் போட்டுப் பார்த்திருக்கிறேன், காட்டுக்குள் யாரும் கழற்றிப் பார்த்ததில்லை. கழற்றினால் அந்த இரண்டு குழாயை எங்கே வைப்பது? கொசு கடிக்கும் நேரத்தில் அரைக்கால் எதற்கு? சாதாரண, தளர்ந்த, மெல்லிய முழு பேண்ட் ஒன்று எல்லாவற்றுக்கும் போதும்.

பெண்களுக்குப் பருத்திச் சல்வார், இந்த விலை உயர்ந்த பேண்ட்களை விட எத்தனையோ மேல். தளர்வு, நீளம், காற்றோட்டம் மூன்றும் அதிலேயே இருக்கிறது. துப்பட்டாவை மட்டும் முடிந்து கட்டிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் பறக்கும். அம்மா சேலையை விடவே மாட்டேன் என்றார். ஜிப்சியில் ஏறுவதற்குப் படி உயரம், பக்கக் கம்பியைத் தாண்டிக் காலை வைக்க வேண்டும். பாவாடைக்குப் பதில் உள்ளே ட்ராக் பேண்ட்டைப் போட்டு, அதன் மேல் சேலையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிக் கட்டிக்கொண்டார். எங்கள் எல்லோரையும் விட முதலில் ஏறி உட்கார்ந்ததும் அவர்தான். மல்லிகைப்பூவை மட்டும் விடுதியில் வைத்துவிட்டு வரச் சொன்னேன். யானைக்கு மூக்கு கூர்மை. சென்ட்டுக்கும் அதேதான்.

நடந்து போகிறவர்களுக்கு இனி அட்டைப்பூச்சி. மழைக்கால டாப்ஸ்லிப்பிலோ பரம்பிக்குளத்திலோ ஈர இலைக்கு அடியிலிருந்து நூல் மாதிரி எழுந்து நின்று, தலையை அப்படியும் இப்படியும் ஆட்டி, வருகிற காலைத் தேடும். சாதாரண சாக்ஸ் இதற்கு உதவாது, ஏனென்றால் அது பின்னல் துணி. இழுபட்ட கண்ணிகளுக்கு நடுவே அட்டை தன்னை மெல்லிசாக்கி உள்ளே போய்விடும், கடித்தது தெரியவும் தெரியாது. ரத்தம் உறையாமல் இருக்க அது ஒரு பொருளை உள்ளே விடுவதால், தானே விழுந்த பிறகும் கசிந்துகொண்டிருக்கும். அட்டை சாக்ஸ் என்று தனியாக விற்கிறது, முழங்கால் வரை வரும் பை மாதிரி. நெருக்கமாக நெய்த துணி, பேண்ட்டை உள்ளே விட்டு மேலே நாடாவால் இறுக்கிக் கட்ட வேண்டும். தேக்கடியில் நடைப் பயணத்துக்கு வனத்துறையே கொடுக்கிறது. அதன் மேல் புகையிலைத் தூளோ உப்போ தேய்த்துக்கொள்வது பழைய வழக்கம். மழையில் கரைந்து போகிற வரை வேலை செய்யும்.

ஷூவில் எல்லோரும் தண்ணீர் புகாததைத் தேடுகிறார்கள். ஓடையைக் கடக்கும்போது தண்ணீர் மேல் வழியாக உள்ளே வந்துவிடும், அப்புறம் அது வெளியேயும் புகாது. நாள் முழுக்கக் காலில் ஆளுக்கு ஒரு சொம்பு சுமக்க வேண்டியதுதான். காவலர்களின் காலைப் பாருங்கள், பச்சைக் கேன்வாஸும் ரப்பர் அடியும் கொண்ட மலிவான ஷூ. வந்த தண்ணீர் நடக்க நடக்கப் பிதுங்கி வெளியே போய்விடும். நான் அதற்கே மாறிவிட்டேன். வண்டியில் மட்டும் போகிறவருக்கு ஷூவே வேண்டாம், செருப்பும் குளிருக்குச் சாக்ஸும் போதும்.

பிப்ரவரி முதல் மே வரை, காய்ந்த புல்லில் நடந்தால் உண்ணி ஏறும். குரங்குக் காய்ச்சல் என்கிறார்களே, 1957இல் கர்நாடகத்தில் சிமோகா பக்கத்துக் கியாசனூர் காட்டில் முதலில் கண்டுபிடித்தது, அது உண்ணி வழியாகத்தான் மனிதனுக்கு வருகிறது. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் வெளிர் நிறப் பேண்ட் நல்லது. மேலே ஏறுகிற புள்ளி கண்ணுக்குத் தெரியும். அடர்பச்சையில் தெரியாது.

தலைக்கு, ஜிப்சியில் அகல விளிம்புத் தொப்பி பறக்கும், தாடைக்கு நாடா இல்லாமல் வாங்காதீர்கள். வேனில் தொப்பியே தேவையில்லை. புழுதிக்கு முகத்தைச் சுற்றும் குழாய்த் துணி ஒன்றை முன்னூறு, நானூறுக்கு விற்கிறார்கள். நம் ஈரிழைத் துண்டு அதை விட நல்லது. மூக்கைச் சுற்றிக் கட்டலாம், நனைத்துக் கழுத்தில் போடலாம், கேமராவை மூடலாம், குழந்தைக்கு மடியில் விரிக்கலாம். அரை மணியில் காய்ந்துவிடும். வெள்ளை வாங்காதீர்கள், அவ்வளவுதான்.

சரி, சித்தி மகன் விஷயத்துக்கு வருகிறேன். காக்கிச் சட்டையில் ஒன்றை விட்டுவைத்தேன், ஆசைப்பட்டுவிட்டான். ராணுவ ஜாக்கெட், ஷூ, ஜிப் பேண்ட், தொப்பி எல்லாம் போயிற்று. அந்தக் காசில் ஐந்து பேருக்கும் தெர்மல், அவனுக்கும் மனைவிக்கும் சத்தமில்லாத வின்ட்சீட்டர், குழந்தைகளுக்கு மங்கி குல்லா, நாலு ஈரிழைத் துண்டு. மொத்தம் 7,000க்குள் முடிந்தது.

போய் வந்து படம் அனுப்பினான். புலி ஒன்று, நெற்றியில் வெயில் விழ, சாலையைக் கடக்கிற படம். அதற்கு அடுத்த படத்தில் அவன். ஜிப்சியின் இரும்புக் கம்பி பனியில் சுரீரென்று இருந்ததாம், குலுங்குகிற வண்டியில் பிடிக்காமலும் இருக்க முடியவில்லையாம். கையுறையைப் பற்றி நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. காலுக்குக் கொண்டுபோன இரண்டாவது ஜோடி சாக்ஸைக் கையில் மாட்டிக்கொண்டு, வலது கைச் சாக்ஸில் மட்டும் கேமரா பொத்தானை அமுக்க ஆள்காட்டி விரலுக்கு ஒரு ஓட்டை போட்டிருந்தான்.